நூறு பேரைச் சொல்லும் சோதனை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எச்.ஐ.வி. சிகிச்சைக்கு வருபவர்களின் ரத்தத்தோடு சிறுநீரையும் சோதிப்போம். அதில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பது முக்கியம். சிறுநீரகம் கெடத் தொடங்குவதை ரத்தச் சோதனைக்கு முன்பே அது காட்டிவிடும். அது அதிகமாகக் கசிபவர்களில் கூடுதல் பேர் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று படித்திருந்தேன். படித்தபோது அது வரைபடத்தில் கீழே இறங்கும் ஒரு கோடு, அவ்வளவுதான்.

அப்படி வந்தவர்களில் ஓர் அக்கா, ராஜபாளையத்தில் நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவர். உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பஸ் ஏறி எங்களிடம் வருவார். கணவர் அதே நோயில் போய்விட்டார். பால்வாடிக்குப் போகிற வயதில் ஒரு மகள். அவளுக்கு நோய் இல்லை.

டப்பாவைக் கொடுக்கும்போது எல்லோருக்கும் ஒரே வரிசையில் சொல்வேன்: காலையின் முதல் சிறுநீர், முதலில் கொஞ்சம் விட்டு நடுவில் பிடிக்க வேண்டும், மூடியை இறுக்க வேண்டும், மாதவிடாய் என்றால் தள்ளிப்போட வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் போனார். முடிவில் அளவு மிகவும் கூடியிருந்தது.

அடுத்த முறை வந்தபோது, எழுந்ததும்தானே பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்க எந்திரிக்க? விடிய விடிய நின்னுட்டு, மில்லு கக்கூஸ்லயே பிடிச்சுக்கிட்டு நேரா பஸ் ஏறிட்டேன். ஊருக்குத்தான் சிஸ்டரு அது காலை. எனக்குச் சாயங்காலம்தான் விடியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே நிம்மதியும். ராத்திரி முழுக்க மெஷினுக்கு மெஷின் நடந்தால் அளவு கூடித் தெரியலாம். லீவு நாளில் நன்றாகத் தூங்கி எழுந்து பிடித்து வரச் சொன்னேன். கொண்டுவந்தார். குறைந்திருந்தது, ஆனால் இருக்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. இன்னொரு முறையும் அப்படியே வந்தது.

டாக்டர் மருந்தை மாற்றினார். அக்கா மாத்திரைப் பையோடு என்னிடம் வந்து நின்றார்.

"இது நல்லதுக்கா, கெட்டதுக்கா? நீங்க சொல்லுங்க. புள்ளையச் சேத்தூர்ல எந்தங்கச்சிட்ட விடணும்னா இப்பவே விடணும். வெவரம் தெரிஞ்ச பொறவு விட்டா ஒட்டமாட்டா."

"மருந்துக்குக் கேக்கும்க்கா. இந்த அளவு உள்ளவங்க நூறு பேர எடுத்தா, மத்தவங்கள விடக் கூடுதல் பேருக்கு ஆபத்து. அதுல நீங்க எந்தப் பக்கம்னு இது சொல்லாது."

"நூறு பேரச் சொல்லுமாம், என்னையச் சொல்லாதாம். நல்ல சோதனை! எனக்கென்ன நூறு புள்ளையா இருக்கு, பாதிய இங்கிட்டு வச்சுக்கிட்டுப் பாதிய அங்கிட்டு அனுப்ப?"

அவசரப்பட வேண்டாம் என்று நானும் டாக்டரும் சொல்லிப் பார்த்தோம். அடுத்த மாதம் வந்தபோது, குழந்தையைத் தங்கையிடம் விட்டாயிற்று என்றார். பஸ் ஸ்டாண்டில் அவள் அழவில்லை, மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள் என்றார்.

மருந்து கேட்டது. கசிவு மெல்ல மெல்லக் குறைந்தது. அவர் இருக்கிறார். உடம்பு கொஞ்சம் தேறியும் இருக்கிறார். மகள் இப்போது சேத்தூரில் பள்ளிக்கூடம் போகிறாள்.

இந்த முறை அளவு சரியாகவே வந்திருந்தது. அவரிடம் சொல்லக் காத்திருந்து சொன்னேன். "இனிமே புள்ளையக் கூட்டிட்டு வந்துரலாமேக்கா."

"போன ஞாயித்துக்கெழம போயிருந்தேன். எந்தங்கச்சிய அம்மாங்கா. என்னையப் பெரியம்மாங்கா."

"சின்னப் புள்ளதான, வெளையாட்டுக்குச் சொல்லிருப்பா."

"வெளையாட்டு இல்ல சிஸ்டரு. நாந்தான் அப்படிக் கூப்பிடச் சொல்லிக் குடுத்தேன். அங்க ஒட்டட்டும்னு."

அன்று அவருக்கு நைட் ஷிப்ட். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டார்.