கண்ணாடிப் பெட்டி அருகே நான் சொன்னது

என் கையெழுத்து நன்றாக இராது. எழுத்துப் பிழைகளும் இருக்கும். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும். இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகுமுன் என் தம்பி திருத்தித் தருவதாகச் சொன்னார். பிழையைத் திருத்துங்கள், நடந்ததை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

என் மகள் கோலா கெத்தில் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், மலாயா அவசரகாலத்தில் பிறந்தாள். எங்கள் லயத்து வீடுகளை முள்கம்பி வேலிக்குள் மாற்றிய வாரம் அது. சாமான் தூக்கிய என் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது. என் இரண்டு உள்ளங்கையில் அடங்கும் குழந்தை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். மனைவி எழ முடியாமல் லயத்தில் கிடந்தார். அவர் பிழிந்து தரும் பாலைப் போத்தலில் ஊற்றி, தினமும் சைக்கிளில் கொண்டுபோவேன்.

வேலியைத் தாண்டி உணவுப்பொருள் எதுவும் போகக்கூடாது என்று சட்டம். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேருமாம். வழக்கமான காவலர் என்னை விட்டுவிடுவார். ஒருநாள் புதியவர் நின்றார். "சூசு தா போலே", பால் கூடாது என்று மலாயில் சொல்லிப் போத்தலைக் கவிழ்த்தார். அது தாய்ப்பால் என்று சொல்ல வெட்கப்பட்டு, போத்தலை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

வெறும் போத்தலோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நர்ஸ் மிஸ்ஸி ஆக்சிஜன் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார்.

"குறைக்கிறீங்களா மிஸ்ஸி?"

"ஆமாங்க. நெறைய குடுத்தா கண்ணு கெட்டுப்போவுதுன்னு இப்பதான் சொல்றாங்க. கொஞ்சங் கொஞ்சமா குறைக்கணும்."

மகளின் உதடு நீலம் பாய்ந்ததுபோல் எனக்குப் பட்டது.

"கண்ணு போனா போவட்டும் மிஸ்ஸி. உசிரு இருந்தா போதும். குறைக்காதீங்க."

அவர் என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். "சரி, நாளைக்குப் பாப்போம்" என்று குழாயைத் திறந்துவிட்டார். மறுநாளும் கெஞ்சினேன். அதற்கு மறுநாளும்.

மகள் பிழைத்தாள். விளக்கைக் காட்டினால் மட்டும் திரும்பவில்லை. குறைமாதக் குழந்தையின் கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் வளர்ந்து முடிந்திருக்காது, ஆக்சிஜன் மிஞ்சினால் அவை நின்றுபோய், பிறகு கண்டபடி கிளைத்து விழித்திரையை இழுத்துவிடும் என்று பின்னாளில் கண் டாக்டர் விளக்கினார். இப்போதெல்லாம் அளந்துதான் கொடுக்கிறார்களாம். குறைத்திருந்தால் உயிர் இருந்திருக்குமா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார்.

மகள் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தாள். நான் பேசாததையெல்லாம் சேர்த்து அவள் பேசினாள். சென்ற ஆண்டு அவள் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தபோது, இதை அவளிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"நீங்களா? மிஸ்ஸிகிட்டயா? கடையில உப்பு இருக்கான்னு கேக்கவே என்னைய இழுத்துக்கிட்டுப் போற ஆளு. சும்மா கதை விடாதீங்கப்பா லா."

"நெசந்தாம்மா."

"போங்கப்பா. போய்ச் சாப்புடுங்க."

மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அவளைத் தினமும் வேலைக்கு அழைத்துச் சென்ற தோழிகளுக்கும், கடைசிவரை உடனிருந்த எங்கள் பாக்கார் ஆராங் ஊர் அண்டை வீட்டாருக்கும், பெயர் கேட்டு வைக்காத அந்த மிஸ்ஸிக்கும் நன்றி. உங்கள் வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்தால், ஆக்சிஜனைப் பற்றி டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். கண்ணையும் காட்டுங்கள்.

மகள் நான் சொன்னதை நம்பாமலே போனாள். நீங்களாவது நம்புங்கள்.

20.2.1977, ஞாயிற்றுக்கிழமை