ரோமாபுரித் தத்துப்பிள்ளையும் பஞ்சம்மாள் சொன்ன முறையும்

பஞ்சம்மாள் எனக்குச் சித்தி மக. எம். புதுப்பட்டிக் கம்பெனியில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். கை குழாயை உருட்டும், வாய் உறவை உருட்டும். யார் யாருக்குப் பங்காளி, எவள் எவனுக்குக் கட்டுகிற முறை என்று அவளிடம் கேட்காமல் ஊரில் ஒரு கல்யாணப் பேச்சும் எடுக்க மாட்டார்கள். அதில் அவளுக்கு ஏறின தலைக்கனம் இருக்கிறதே, அண்ணன் என்று பிறந்த பாவத்துக்கு அதையும் நான்தான் சுமந்தேன்.

கவர்மெண்டு டிவி கொடுத்த சமயம். கார்த்திகை மழையில் வெடி காயாது, கம்பெனி லீவு. கேபிள்காரன் காளிராஜ் ரோமாபுரி ராசாக்கள் சீரியல் ஒன்றைப் போட்டுவிட்டான். வெள்ளைக்காரன் கோடி கோடியாகக் கொட்டி எடுத்ததாம், தமிழில் பேசவைத்திருந்தார்கள். பஞ்சம்மாள் வீட்டில் பொம்பளைகள் கூட்டம்.

"அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பேரு. இம்புட்டுப் பெரிய அரமனையில பேருக்கா பஞ்சம்?" என்று முதல் நாளே ஆரம்பித்தாள். ஒரு காட்சியை நிம்மதியாகப் பார்க்க விடமாட்டாள். யார் வந்தாலும் "இவன் அவளுக்கு என்ன வேணும்?" என்பாள்.

பிள்ளையில்லாத ராசா தன் தங்கச்சி மகனைச் சுவீகாரம் எடுத்தான். ராசா செத்ததும் அந்தப் பயலே கொள்ளி வைத்தான். பிறகு ராசாவின் தம்பி மகளை அவனுக்குப் பேசினார்கள். பஞ்சம்மாளுக்கு வந்ததே கோபம்.

"கொள்ளி வச்சவன் மகன். அப்ப சித்தப்பன் மக இவனுக்குத் தங்கச்சில்ல? கூடப்பொறந்தவளைக் கட்டுற பயலெல்லாம் ஒரு ராசாவாக்கும். எந்த ஊரா இருந்தா என்ன, முறை முறைதான்."

பொம்பளைகள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அவள் நாத்தனார் மாடத்தி மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப மதினி, எம் மகன் பால்பாண்டி?"

கூட்டம் முழுக்கப் பஞ்சம்மாளைத் திரும்பிப் பார்த்தது. பஞ்சம்மாள் மகள் அழகுமீனாவை அந்தப் பால்பாண்டிக்குத்தான் பரிசம் போட்டு, தை மாதம் கல்யாணம் வைத்திருந்தது. அத்தை மகன், உரிமை மாப்பிள்ளை. ஆனால் அவனைச் சின்னதிலேயே தத்தெடுத்து வளர்த்தவர் பஞ்சம்மாள் புருசனுக்கு மூத்தவரான பலவேசம். அவர் செத்தபோது கொள்ளி வைத்தவனும் அவன்தான். அந்தக் கணக்கில் அழகுமீனாவுக்கு அவன் பெரியப்பா மகன், அண்ணன். சொந்த மகள் விசயம் என்பதால் பஞ்சம்மாள் அதுவரை அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

நான் போய்ச் சொன்னேன், "ஏத்தா, வெள்ளைக்காரன் கதைக்குச் சொன்னதுதான? விட்டுத் தொலை."

"சொன்னது நான்லாண்ணே. இப்ப மாத்திச் சொன்னா, நாளைக்கு எவ எங்கிட்ட முறை கேப்பா?"

"ஒம் முறைய நீயே கட்டிக்கோ. நான் அவரத் தவிர யாரையும் கட்ட மாட்டேன்" என்று அழகுமீனா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள். பஞ்சம்மாளும் இறங்கி வரவில்லை. நானும் கத்திப் பார்த்தேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

கடைசியில் பலவேசம் பெண்சாதி வெள்ளைத்தாய்தான் வழி சொன்னாள். "எம் மகன்ங்கிறதுதான இடிக்குது? இருக்கன்குடி ஆத்தா கோயிலுக்குக் கொண்டுபோய்த் தவிட்டுக்கு வித்துருவோம்."

நோயில் கிடக்கிற கைக்குழந்தையை அம்மன் காலடியில் போட்டு, இனி உன் பிள்ளை என்று கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குகிற வழக்கம். மீசை வைத்து, லோடு வண்டி ஓட்டுகிறவனுக்கு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. சன்னதியில் அவனைக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். "ஆளு நீளம், வாசலை மறைக்கான்" என்று வரிசையில் நின்ற ஒருத்தி வைதாள். வெள்ளைத்தாய், "ஆத்தா, இனிமே இவன் ஒம் பிள்ளை" என்று விலகி நின்றுகொண்டாள். பெற்றவள் மாடத்தி முறத்தில் தவிடு வைத்து மகனை வாங்கிக்கொண்டாள். அதோடு அவன் அத்தை மகன் ஆகிவிட்டான்.

வெளியே வந்ததும் பால்பாண்டி பழக்கதோசத்தில் வெள்ளைத்தாயிடம் கேட்டான், "அம்மா, எஞ் செருப்ப எங்க வச்சீக?"

"அத்தைன்னு கேளுலே" என்றாள் பஞ்சம்மாள்.

வெள்ளைத்தாய் சேலைக்குள் வைத்திருந்த செருப்பை எடுத்து அவன் முன்னால் போட்டாள். "முறை தாலிக்கு மட்டும் போதும் பஞ்சு. அவன் என்னய என்னன்னு கூப்பிடணும்னு நீ சொல்லாத."

ஊர் வரும்வரை பஞ்சம்மாள் வாயைத் திறக்கவில்லை. அப்பாடா என்று வண்டியை விட்டு இறங்கினேன். பின்னாலேயே வந்தாள்.

"ஏண்ணே, அந்த ராசா பய கடைசியில அவளைக் கட்டுனானா இல்லையா? காளிராஜக் கேட்டுச் சொல்லுங்க."