கரண்டு போன நேரத்து ஜெபம்

நேற்று மாலை கரண்டு போனது. இன்வெர்ட்டரும் பழுது. மெழுகுவத்தியை ஏற்றியதும் அந்த வாசனை என்னைக் கிழக்குத் தாம்பரத்து வாடகை வீட்டுக்கு இழுத்துப் போனது.

அங்கே தினமும் சாயங்காலம் கரண்டு போகும். உடனே அப்பா, "வாங்க, ஜெபம் பண்ணிடலாம்" என்பார். இருட்டில் வேறு வேலை இல்லையே. மற்ற நேரமெல்லாம் டிவிதான். இயேசுவே இந்த வீட்டின் தலைவர் என்று எழுதிய பலகையை அதற்கு நேர் மேலே மாட்டியிருந்தோம்.

ஒருநாள் பக்கத்து வீட்டு செல்வி அக்கா வந்தார். அவர் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "எனக்கு உங்க சாமிய கும்பிடத் தெரியாது. நீங்க கேளுங்கண்ணா" என்று எங்களோடு பாயில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

அப்பா ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோதே கரண்டு வந்தது. அணைக்காமல் விட்ட டிவியில் சீரியல் பாட்டு அலறியது. அப்பா அவசரமாக முடித்தார். எல்லோரும் "ஆமென்" என்றோம். அம்மா அதற்குள் டிவி பக்கம் திரும்பிவிட்டாள்.

அக்கா மட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

"அண்ணா, எங்க வூட்டுக்காரர் பேரை இன்னும் சொல்லலியே" என்றார்.

நேற்று நாங்கள் யாரும் ஜெபிக்க உட்காரவில்லை. ஆனாலும் கரண்டு வந்து ஃபிரிட்ஜ் உறுமியதும் என் வாய் தானாக "ஆமென்" என்றது.