ரெண்டு குதி

இரும்புச் சட்டி தோளில், மண்ணை இடிக்கிற திமிசுக் கட்டை கையில். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பஞ்சர்காரர் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போகிறார். விடிகிற நேரம். சட்டி நிறைய உடைந்த செங்கல்லும் சல்லியும். ஆனால் கொட்டுவதற்குத் தெருவில் ஒரு குழி கிடையாது. கல் பதித்து, ஓரத்தில் நடைபாதை கட்டி, சாக்கடையை மூடி, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரிக் கிடக்கிறது. கடைசி விளக்குக் கம்பம் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, சட்டியைக் கொட்டாமல் அப்படியே கடைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பல் விளக்கப் போகிறார்.

“என்ன இஞ்சினியரே, இன்னிக்காவது ஒண்ணு மாட்டுச்சா?” எதிர்ப்பக்கத்து மாவு மில்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே கேட்பார்.

“எங்கய்யா மாட்டுது? எல்லாத்தையும் மூடிட்டானுங்களே.”

இஞ்சினியர் என்பது மில்காரர் வைத்த பட்டப் பெயர். பஞ்சர்காரர் பள்ளிக்கூடம் போனது கூட்டல் கழித்தல் வரைக்கும்தான். ஆள் நல்ல கனம். நகக்கண்ணில் ரப்பர் கறுப்பு ஏறி, அது இனி போகாது. காதில் எப்போதும் ஒரு சுண்ணாம்புக்கட்டி செருகியிருக்கும், டியூபில் குறி போடுவதற்கு. டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி கிளம்பிய இடத்தில் கட்டை விரலை வைத்து, “மாட்டினியா திருடா” என்பார். மனிதர்களிடம் பேசுவதைவிடச் சாமான்களிடம் பேசுவது அதிகம். காற்றடிக்கும் மிஷின் மக்கர் பண்ணினால் அதைத் திட்ட மாட்டார். “ஏம்பா, உடம்பு சரியில்லையா?” என்று அக்கறையாகக் கேட்பார்.

தெருவில் குழிகள் இருந்த காலத்தில் அவற்றுக்கும் பெயர் வைத்திருந்தார். முனையில் இருந்தவன் ‘சோம்பேறி’, எப்போதும் தண்ணீரைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பான். தையல் கடை வாசலில் ‘இரட்டைப் பிள்ளைகள்’. மாவு மில் வாசலில் இருந்ததுதான் பெரிசு. பக்கத்தில் குழாய் ஒன்று கசிந்துகொண்டே இருந்ததால் எத்தனை முறை அடைத்தாலும் வாயைத் திறந்துவிடும். அதற்கு ‘வாயாடி’ என்று பெயர்.

வாயாடிக்குத் தனிக் கவனிப்பு. அடியில் பழைய டயரை வெட்டிப் பரப்புவார். அதன் மேல் செங்கல், அதன் மேல் சல்லி, மேலே மண். திமிசால் இடிப்பார். எல்லாம் முடிந்த பிறகு திமிசை வீசிவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, அந்தக் கனத்த உடம்போடு அதன் மேல் ரெண்டு குதி குதிப்பார். அசையவில்லை என்றால் வேலை முடிந்தது. அசைந்தால் தோண்டி எடுத்து மறுபடியும் முதலிலிருந்து. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று, அவர் குதிக்கும்போது தாங்களும் குதித்துச் சிரித்துவிட்டுப் போகும்.

பஞ்சர் கடைக்காரன் குழியை அடைக்கிறான் என்றால் தெரு சும்மா இருக்குமா? “தன் பொழப்புல தானே மண்ணள்ளிப் போடுற ஆள இப்பத்தான்யா கண்ணால பாக்கறேன்” என்பார் மில்காரர். “எலெக்சன்ல நிக்கப் போறியா, உள்ளதச் சொல்லு.” பஞ்சர்காரர் அடுத்த டியூபை எடுத்துத் தண்ணீரில் அமுக்குவார்.

காரணம் வீட்டில் இருந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு மாணவிகள் விடுதி ஒன்றில் சமையல் வேலை. பிள்ளைகள் எழுந்திருக்கும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். அதனால் இருட்டோடு கிளம்பிவிடுவார். தெருவில் அப்போது கம்பங்கள் உண்டு, வெளிச்சம்தான் இல்லை. இருட்டில் கால் வைக்கிற பெண்ணுக்காக ஒரு மனுஷன் சட்டியைத் தூக்கினார், அவ்வளவுதான் விஷயம். அதை வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம். வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியும், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார். சோறு போடும்போது கேட்பார், “உங்க வாயாடி எப்படி இருக்கா?”

“இன்னிக்கு ஒழுங்கா இருக்கா.”

“இருப்பா இருப்பா. கட்டின பொண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கித் தர்றதில்ல, அவளுக்கு மட்டும் தெனமும் சீர் வரிசை.”

இதற்கு இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்த வீட்டில் அப்போதெல்லாம் சிரிப்புக்குக் குறைச்சல் இல்லை.

ஒருநாள் வார்டு கவுன்சிலர் கடைக்கு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு பேசுகிற, நல்ல சுறுசுறுப்பான பெண். பின்னால் தெருக்காரர்கள் நாலைந்து பேர்.

“அண்ணே, மாநில அரசு தெருவுக்கு மானியம் குடுக்குது. ஊருக்கு ஒரே ஒரு தெருவுக்குத்தான். எது ரொம்பக் கேடா கெடக்கோ அதுக்கு. நடைபாதை, மூடின சாக்கடை, உக்கார பெஞ்சு, எல்லாம் வரும். போன தடவ நமக்கு ஏன் கெடைக்கல தெரியுமா? பாக்க வந்தவங்க ‘பரவாயில்லையே, நடக்கற மாதிரிதான் இருக்கு’ன்னுட்டுப் போயிட்டாங்க. எல்லாம் நீங்க அடைச்சு வச்ச லட்சணம்.”

“அடைச்சது தப்பாம்மா?”

“தப்புன்னு யாருண்ணே சொன்னா? புண்ணியந்தான். ஆனா புண்ணியத்த போட்டோ எடுக்க முடியாதே. அவங்களுக்குக் குழிதான் வேணும்.”

பஞ்சர்காரர் டியூபைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார், “வெளக்கும் வருமா?”

“வெளக்கா? பகலாட்டம் எரியும்ணே. குண்டூசி கீழ விழுந்தா எடுக்கலாம்.”

“சரி” என்றார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. அவர் தலையாட்டியது அந்த விளக்குக்காக.

அதிகாரிகள் நாளைக்கு வருகிறார்கள் என்று ஒருநாள் சேதி வந்தது. மில்காரர் கடப்பாரையை எடுத்துப் போய் வாயாடியைக் குத்திப் பார்த்தார். கடப்பாரைதான் துள்ளியது. “யோவ் இஞ்சினியரே, என்னத்தையா போட்டு இடிச்சிருக்க? நீ கட்டினத நீதான்யா ஒடைக்கணும்” என்று நீட்டினார். சாயங்காலம் முழுக்க, தான் போட்டதைத் தானே குத்திக் கிளறி எடுத்தார் பஞ்சர்காரர். செங்கல் வந்தது. கடைசியாக டயர்த் துண்டுகள், போட்ட மாதிரியே. தெருக்காரர்கள் கை தட்டினார்கள். வாயாடி நன்றாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரம்மா தூங்கியிருந்தார். இருட்டோடு எழுந்திருக்கிறவர், சீக்கிரம் படுத்துவிடுவார். எழுப்ப மனசு வரவில்லை. காலையில் அவர் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம், முனை வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வரலாம் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தார். கடப்பாரை பிடித்த உடம்பு. அடித்துப் போட்ட மாதிரித் தூங்கிவிட்டார். இவர் அசந்து கிடப்பதைப் பார்த்து வீட்டுக்காரம்மா போர்வையை இழுத்து மூடிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். எழுந்தபோது அந்தப் போர்வை மேலே கிடந்தது. வெளியில் மில்காரர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுத்து, தகடு வைத்துத் தைத்தார்கள். கண் விழித்ததும் அந்தம்மா சொன்ன முதல் வார்த்தை, “நீங்க அடைச்சிருப்பீங்கன்னு நம்பித்தான் கால வச்சேன்.”

வாயில் வந்ததைச் சொன்னார் இவர். “ராத்திரி மழைம்மா. அப்படியே கரைச்சிட்டுப் போயிடுச்சு.”

அந்தம்மா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்த மில்காரர் விஷயம் தெரிந்தவர், “ஆமாக்கா, என்னா மழைங்கறீங்க!” என்று ஒரு தாளமும் போட்டு வைத்தார். ஒருவர் சொன்னால் போதாதா? தெருவே அந்த மழையை நனையாமல் தாங்கிப் பிடித்தது.

அன்றைக்கு வருவதாகச் சொன்ன அதிகாரிகள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாயாடியிடம் போன பஞ்சர்காரரைத் தெருக்காரர்கள் மறித்தார்கள். “வேணாம்ணே, வந்துட்டுப் போயிடட்டும். இவ்வளவு ஆனதுக்கப்புறம் அதுவும் கெடைக்கலேன்னா எப்படி?” சட்டியை இறக்கி வைத்தார். அதிலிருந்து தினமும் இருட்டோடு வந்து, குழி ஓரத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கையில் டார்ச்சு. வருகிறவர்களுக்கெல்லாம் வெளிச்சம் காட்டி, “தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

கடைசியில் ஒருநாள் வந்தார்கள். கேமராவைத் தூக்கின அதிகாரி மரியாதையான ஆள்தான். “பெரியவரே, கொஞ்சம் தள்ளிக்குங்க. குழிய மறைக்கிறீங்க” என்றார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

மானியம் வந்தது. கவுன்சிலர் கடைக்கே ஓடி வந்து சொன்னார். “அண்ணி விழுந்ததையும் எடுத்துச் சொன்னேண்ணே. அந்த ஆபீசர் ஆடிப் போயிட்டாரு. அதுலதான் நமக்குக் கெடைச்சதுன்னே வச்சுக்குங்களேன்.” ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். பஞ்சர்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்துகொண்டே இருந்தது. விரலை வைக்கவில்லை.

தெரு வேலை நடந்தது. கல் பதிக்க வந்தவர்கள் வாயாடியை ஒரே நாளில் மூடிவிட்டார்கள். அன்று பஞ்சர்காரர் கடையைத் திறக்கவில்லை. விளக்கு போட்டார்கள், உண்மையிலேயே பகல் மாதிரி எரிந்தது. தெரு முனையில் பெரிய மனிதர்களின் பெயரெல்லாம் பொறித்த பலகை. திறப்பு விழாவுக்குக் கவுன்சிலர் வீட்டுக்கே வந்து, “அண்ணிதான் மொதல்ல நடக்கணும்” என்று கூப்பிட்டார். “கால் வலிக்குதும்மா” என்று சொல்லிவிட்டார் அந்தம்மா.

கால் வலி இல்லை. டாக்டர் நடக்கத்தான் சொன்னார். வீட்டுக்குள் கம்பை ஊன்றி அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடக்கிறார். வாசற்படியைத் தாண்டுவதில்லை. விடுதி வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. பஞ்சர்காரர் தினமும் ஒருமுறை கேட்பார், “தெரு நல்லா இருக்கு. ஒரு நடை வந்து பாக்கறியா?” அவருக்கு இப்போது இருக்கிற ஆசை அது ஒன்றுதான். “பாக்கலாம்” என்று பதில் வரும். சோறு போடும்போது வாயாடியைப் பற்றி விசாரிப்பதும் நின்றுபோயிற்று. கடையில் டியூப் திருடர்களும் குறைந்துவிட்டார்கள். வழவழப்பான தெருவில் யாருக்குக் காற்று இறங்கும்? அதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

போன வாரம் ஒருநாள், அவர் சட்டியைத் தோளில் ஏற்றும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. “என் செருப்ப எடுத்துப் போடுங்க.”

எடுத்துப் போட்டார். ஒரு கையில் கம்பும், இன்னொரு கையில் அவர் தோளுமாக அந்தம்மா படியிறங்கினார். சட்டி இன்னொரு தோளிலேயே இருந்தது, இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கீழே நிழல் விழுந்தது. அந்தம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“இதுதான் அந்த வெளக்கா?”

“ம்.”

மில் வாசலுக்கு வந்ததும் நின்றார்.

“உங்க வாயாடி எங்க இருந்தா?”

எல்லாக் கல்லும் ஒரே நிறம், ஒரே அளவு. வேறு யாருக்கும் தெரியாது. அவர் காலால் காட்டினார்.

“அன்னிக்கு மழை பேயல” என்றார் அந்தம்மா. குரலில் கோபம் எதுவும் இல்லை. “கொடியில துணியெல்லாம் காஞ்சே கெடந்துச்சு. மடிச்சு வச்சுட்டுத்தான் நான் கெளம்பினேன்.”

ஷட்டரைப் பாதி தூக்கின மில்காரர் பாதியிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

“குதிங்க” என்றார் அந்தம்மா.

சட்டியை இறக்கி ஓரமாக வைத்தார். இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டார். ஒரு குதி. இன்னொரு குதி. கல் இம்மி அசையவில்லை. கால் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, பிடித்துக்கொள்ளட்டும் என்று தோளை நீட்டினார்.

அந்தம்மா மில் சுவரில் கையை ஊன்றி, கம்பை எட்டி வைத்து, திறந்து கிடக்கிற குழியைச் சுற்றிப் போவது மாதிரி அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.