தையல் போட்ட வாய்க்குச் சாப்பாடு

வாயில் கத்தி வைத்தவருக்குச் சாப்பிடச் சொல்லித் தருவது என் வேலை. வேலூரில் ஒரு மருத்துவமனையில், வாய், தாடை அறுவை சிகிச்சை வார்டில் டயட்டீஷியன். கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு, வீட்டில் எல்லாரும் வடை தின்பதைப் பார்த்துக்கொண்டே ஆறிய கஞ்சியை உறிஞ்சியிருப்பீர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம்மைவிட ஜாஸ்தி பட்டவர்கள் சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

அச்சடித்த தாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். முருகேசன் அணைக்கட்டுப் பக்கம் விவசாயக் கூலி. கன்னத்தில் புற்று. வெட்டி எடுத்து, தொடைச் சதையை வைத்துத் தைத்திருந்தார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு தாள் கொடுத்தேன். ஓட்ஸ் கஞ்சி, காளான் சூப், ஆப்பிள் கூழ், டப்பாவில் வரும் சத்து மாவு. அவர் மனைவி அஞ்சலை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து வந்தபோது முருகேசனின் சட்டை அவர் மேல் தொங்கியது. தையல் ஓரத்தில் பிரிந்திருந்தது. உடம்பில் சத்து இல்லாமல் புண் எப்படி ஆறும் என்று டாக்டர் கேட்டார். கேட்டது என்னைப் பார்த்து. எனக்கு அஞ்சலைமேல் கோபம் வந்தது. எழுதியதில் எதைத்தான் கொடுத்தீர்கள் என்றேன். அவர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. தாளில் இல்லாததைக் கொடுத்தால் புண் கெட்டுவிடுமோ என்று பயந்து, கேழ்வரகுகூடக் கொடுக்காமல், தாளில் கஞ்சி என்று இருந்த தைரியத்தில் வெறும் அரிசிக் கஞ்சித் தண்ணீரிலேயே மூன்று வாரத்தை ஓட்டியிருக்கிறார்.

"நீங்க எழுதுனது எல்லாம் கடையில கீது மேடம். எங்க வூட்ல இருக்கறது ஒண்ணுகூட இதுல இல்லியே."

குழாய்

அதோடு தாள் கொடுப்பதை விட்டேன். வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். கேழ்வரகும் வேர்க்கடலையும் முட்டையும் முருகேசனின் புண்ணை ஆற்றிவிட்டன.

ஆனால் சாமுவேல் விஷயத்தில் கேட்கவும் வழியில்லை. ஆம்பூர் தோல் ஃபேக்டரியில் வேலை. நாக்கில் பாதியை எடுத்திருந்தார்கள். பேச்சு இல்லை. மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் ஆகாரம். மனைவி கிரேஸ் அழுகையை அடக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஊற்றுவார். நாலாம் நாள் சாமுவேல் குழாயைப் பிடுங்கிப் போட்டார். மறுபடி பிடுங்கினால் கையைக் கட்ட வேண்டியிருக்கும் என்று நர்ஸ் சொன்னார்.

நான் ஒரு நோட்டைக் கொடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதில் எழுதினார்: 'உள்ளே இன்னா போவுதுன்னே தெரியல. சொல்லிட்டு ஊத்தச் சொல்லுங்க.' அன்றிலிருந்து கிரேஸ் ஒவ்வொரு வேளையும் சொல்லிவிட்டு ஊற்றினார். இது முருங்கைக்கீரைத் தண்ணி, பருப்பு போட்டிருக்கேன், தம்பி பொண்டாட்டி செஞ்சு அனுப்பினா. சாமுவேல் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். குழாயில் அப்புறம் கை வைக்கவே இல்லை. அதை எடுத்த அன்று, வடிகட்டிய பருப்புத் தண்ணீரை முதல் ஸ்பூன் வாயில் கொடுத்தோம். விழுங்க முழுசாக ஒரு நிமிஷம் ஆனது. பிறகு கிரேஸைப் பார்த்து, குழறலாக, ஆனால் எல்லாருக்கும் புரியும்படி சொன்னார்:

"உப்பு கம்மி."

என் பல்

போன வருடம் எனக்கே கடைவாய்ப் பல்லை அறுத்து எடுத்தார்கள். ரெண்டாம் நாள் பசி தாங்காமல் வார்டு சமையல்கட்டில் சூடான உப்புமாவில் கை வைத்தேன். அங்கே சமைக்கும் மேரி அக்கா தட்டை நகர்த்தி வைத்தார்.

"ஊருக்கெல்லாம் ஆற வெச்சுக் குடின்னு சொல்ற வாய்தானே மேடம் இது?"

பத்து டம்ளர்

ரேவதிக்கு ஊர் நாட்றம்பள்ளி. ஷூ ஃபேக்டரியில் தையல் மிஷின். பைக்கிலிருந்து விழுந்து தாடை உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டியிருந்தது. ஆறு வாரம் வாய் திறக்க முடியாது. வேலை போய்விடும் என்று பயந்து மூன்றாம் வாரமே ஃபேக்டரிக்குத் திரும்பிவிட்டாள். கேன்டீனில் உறிஞ்சிக் குடித்தால் சத்தம் வரும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கூச்சப்பட்டு மதியம் எதையும் தொடவில்லை. ஒருநாள் மிஷின் மேலேயே மயங்கி விழுந்தாள்.

கூட வேலை செய்யும் சுமதிதான் ஆட்டோவில் கூட்டி வந்தாள். பருப்பு சாதத்தை நெய் விட்டு அரைத்து, வடிகட்டி, ஃப்ளாஸ்கில் கொண்டுபோகச் சொன்னேன். மறுவாரம் வந்தபோது ரேவதி முகத்தில் களை திரும்பியிருந்தது. மதியம் ஒழுங்காகக் குடிக்கிறாளா என்று சுமதியைக் கேட்டேன்.

"எங்க லைன்ல பத்து பேரும் இப்போ சோத்த டம்ளர்ல கரைச்சுத்தான் மேடம் குடிக்கிறோம். எல்லாரும் உறிஞ்சுனா எவ சத்தம்னு யாருக்குத் தெரியும்?"

கட்டுப்பாடு இல்லை

விரிஞ்சிபுரம் தனலட்சுமி அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைத்தவர். ஈறில் புற்று, ரெண்டு ஆபரேஷன். காரம் கூடாது என்றால் வீட்டில் மிளகாய் வாசனையே இருக்காது, அவ்வளவு ஒழுங்கு. மூன்றாம் தடவையும் நோய் வந்தபோது, இனி கத்தி வைப்பதில் பயனில்லை என்று டாக்டர்கள் மகளிடம் சொன்னார்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று மகள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் போய், முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு, இனிமேல் உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லைம்மா, பிடித்ததைச் சாப்பிடலாம் என்றேன். அவர் என்னையே பார்த்தார். மகள் மருந்து வாங்கப் போயிருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எனக்குப் புரிஞ்சுபோச்சுன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க மேடம். அவ வந்ததும், காரம் தொடக்கூடாதுன்னு என்னைக் கொஞ்சம் திட்டுங்க."

வாயைத் திறக்க முடியாதவர்களிடம் இவ்வளவு பேச்சு வாங்கிய ஆள் வேலூரில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.