கண்ணாடிக் கடையின் சக்கர் மீன்

பிரிஸ்கில்லாவுக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு. சேத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினால் கம்பியை வெறுங்கையால் பிடிக்கமாட்டாள். முந்தானையைச் சுற்றிக்கொண்டுதான் பிடிப்பாள். டீக்கடை கிளாசில் வாய் வைக்கமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ ராஜபாளையத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வேலை. பழுதுக்கு வரும் கண்ணாடிகளில் மூக்கில் பதியும் இடத்தில் பச்சை பச்சையாய் அழுக்கு உறைந்திருக்கும். ஊரார் மூக்கின் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து இறுகிய அதை ஊசியால் நெம்பித் துடைத்துக் கொடுப்பது அவள்தான். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருவாள். நாற்பது வயதைத் தாண்டியும் அது பழகவில்லை.

கடை முதலாளி வேதசிரோமணியை எல்லோரையும்போல அவளும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். வாசலில் மீன் தொட்டி வைத்தால் வியாபாரம் பெருகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையிலிருந்து தொட்டி வாங்கி வைத்தார். அதில் தங்க மீன்கள் சில, கூட ஒரு சக்கர் மீன். அது கெளுத்தி வகை. உடம்பெல்லாம் தகடு தகடாய் இருக்கும். அடிப்பக்கத்து வாயால் கண்ணாடியில் அட்டைபோல ஒட்டிக் கிடக்கும். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே பிரிஸ்கில்லா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அண்ணாச்சி காலையில் தங்க மீன்களுக்கு மட்டும் தீனி தூவுவார். ஒருநாள் அவள் கேட்டாள்.

"அடியில கெடக்குதே, அதுக்கு என்ன அண்ணாச்சி போடணும்?"

"அதுக்கு ஒண்ணும் வேண்டாம்மா. மத்த மீனு இருந்து வைக்கிற அசிங்கத்தத் தின்னுட்டுக் கெடக்கும். தொட்டியக் கிளீன் பண்ணத்தான வாங்குனது" என்று சிரித்தார்.

அவளுக்குக் குமட்டியது. மீனை நினைத்து மட்டும் அல்ல.

அவளைக் கூமாப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, தட்டுகளில் மிஞ்சியதை மாமியார் ஒரு சட்டியில் வழித்து வைப்பாள். "அவளுக்குன்னு தனியா உலை வைக்கணுமாக்கும்? இதுவே அம்புட்டுக் கெடக்கு" என்பாள். ஒரு மத்தியானம் அந்தச் சோற்றில் யாரோ மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை கைக்கு அகப்பட்டது. பிரிஸ்கில்லா கொல்லையில் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவினாள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. புருஷன் அடித்தானா, குடித்தானா என்று சேத்தூரில் எல்லோரும் கேட்டார்கள். முருங்கைக்காய்ச் சக்கை என்று எப்படிச் சொல்வது?

கோடையில் தங்க மீன்கள் ஒவ்வொன்றாய்ச் செத்து மிதந்தன. அண்ணாச்சிக்குத் தொட்டி மறந்துபோனது. தண்ணீர் பச்சையாகி, பிறகு பழுப்பாகி, நாற்றம் எடுத்தது. கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதும்தான் அவருக்கு உறைத்தது.

"இத வாறுகால்ல ஊத்திட்டுத் தொட்டியக் கழுவி வைம்மா."

கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு போனாள். சக்கர் மீன் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. தலை மட்டும் பெரிதாக, வயிறு கரண்டிபோலக் குழிந்து, கண்கள் உள்ளே போயிருந்தன. தட்டியும் அது நகரவில்லை. சுரண்டிச் சுரண்டிப் பாசியும் தீர்ந்துபோய் வெறும் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வெளியே கறுப்பாய் ஓடிய வாறுகால் சாக்கடையைப் பார்த்தாள். அதில் இதை ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு பெயிண்ட் வாளியில் அந்த நாற்றத் தண்ணீரோடு மீனைப் பிடித்து வைத்தாள்.

பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: "என்னம்மா, கருவாடா?" பிரிஸ்கில்லா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் தங்கை ஷீனா வாளியை எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். "நீயாக்கா மீனத் தூக்கிட்டு வந்த? கொழம்புல கெடந்தாலே எந்திரிச்சுப் போவியே!"

"வாய மூடுட்டி. பெரிய பிளாஸ்டிக் டப்பு ஒண்ணு எடு."

சோறு போட்டாள்; பிஸ்கட் போட்டாள். மீன் தொடவில்லை. தண்ணீர்தான் புளித்து மேலே ஆடை கட்டியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், அண்ணாச்சி மீன் வாங்கிய கடையைக் கண்டுபிடித்தாள். கடைக்காரன் பேர் முகமது ரியாஸ்.

"தீனியே வேண்டாம்னு நீங்கதான் சொல்லி வித்தீங்களா?"

ரியாஸ் நெளிந்தான். "அப்படிச் சொன்னாத்தான்க்கா வாங்குதாக. இதுக்கும் தனியாப் போடணும்னா யாரு வாங்குவா?"

அவளுக்கு அந்தத் தொட்டித் தண்ணீரைவிட இது நாறியது. அவள் பார்த்த பார்வையில் அவன் இறங்கி வந்தான்.

"தண்ணிய ஒரேயடியா மாத்தாதீங்கக்கா. தெனமும் கொஞ்சம் எடுத்துட்டு, ஒருநாள் புடிச்சு வச்ச தண்ணிய விடுங்க. ஒடைஞ்ச பானை ஒண்ணக் கவுத்து வைங்க, ஒளிஞ்சு கெடக்கட்டும். இருட்டினாத்தான் அது திங்கும். சொரைக்காய வேகவச்சு, மெதக்காம இருக்க ஸ்பூன்ல குத்தி அடியில போடுங்க. காலையில எடுத்துருங்க. அதையும் தொடலன்னா…"

பிரிட்ஜைத் திறந்தான். பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் சிவப்பாய் ஒரு பாளம். உறைந்த புழுக்கள், நூல் நூலாய், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு. பிரிஸ்கில்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்சமாப் போடுங்க. பட்டினி கெடந்த குடலு, மொத்தமாத் தின்னா தாங்காது. பொறவு ஒண்ணு, கண்மாய்ல மட்டும் விட்றாதீங்கக்கா. பெருகிப்போச்சுன்னா மத்த மீன இருக்கவிடாது."

பாளத்தைப் பை மேல் பையாகச் சுற்றி, டப்பாவுக்குள் டப்பா போட்டு வீட்டு பிரிட்ஜில் வைத்தாள். அன்றிலிருந்து அந்த பிரிட்ஜில் வைத்த தண்ணீரைக் குடிப்பதை விட்டாள்.

முதலில் சுரைக்காயைப் பார்க்கலாம் என்று போட்டாள். விடிந்து பார்த்தால் போட்டது அப்படியே இருந்தது, மேலே சளிபோல வழவழப்போடு. அதைக் கையால் எடுத்துக் கொட்டினாள். மறுநாளும் அதே கதை. மீன் பானை ஓட்டுக்குள் கட்டைபோலக் கிடந்தது. செவுள் அசைவது மட்டும் தெரிந்தது. வேறு வழியில்லாமல் ஒரு சாயங்காலம் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பழைய கிண்ணத்தில் புழுவைக் கரைத்தாள். தண்ணீர் ரத்தமாய் ஆனது. பானை வாயருகே அதை விட்டுவிட்டு, கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

காலையில் ஷீனாதான் கத்தினாள். "யக்கா, புழுவக் காணோம்!"

பிரிஸ்கில்லா குனிந்து பார்த்தாள். புழு கரைந்தும் போயிருக்கலாம் என்றுதான் நினைத்தாள். அப்போது ஓட்டுக்குப் பக்கத்தில் கறுப்பாய் நூல்போல ஒன்று சுருண்டு கிடந்தது கண்ணில் பட்டது. அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது.

"ஏட்டி, வெளிக்கி இருந்திருக்குட்டி! தின்னுருக்கு!"

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்த் தேறியது. சுரைக்காயில் முதலில் கீறல் விழுந்தது. பிறகு தோல் மட்டும் மிஞ்சியது. குழிந்திருந்த வயிறு மட்டமாகி, மழைக்காலம் வருவதற்குள் உருண்டு திரண்டது.

அண்ணாச்சி புதிதாய்த் தங்க மீன்கள் வாங்கி விட்டிருந்தார். ஒருநாள் சொன்னார்: "ஒங்கிட்ட உள்ளது நல்லாத் தேறிருச்சாம்ல. கொண்டாந்து போடு. தொட்டி பாசியடிச்சுப்போச்சு."

"அது வராது அண்ணாச்சி. பாசிய நீங்க தேச்சுக் கழுவுங்க."

அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். மறுவாரம் தொட்டி கழுவும் பிரஷ் ஒன்று அண்ணாச்சியின் மேஜையில் கிடந்தது.

மீன்மேல் பிரிஸ்கில்லாவுக்குப் பாசம் ஒன்றும் வந்துவிடவில்லை. அது திங்கிற அளவுக்குக் கழிக்கும். அடியில் சேர்வதை ரப்பர் குழாயில் வாய் வைத்து உறிஞ்சித்தான் வெளியே விடவேண்டும். ஒருமுறை கொஞ்சம் கூடுதலாய் இழுத்துவிட, அந்தத் தண்ணீர் வாய் நிறைய வந்துவிட்டது. அன்று முழுக்க உப்புத் தண்ணீரால் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். அந்த மீனையும், அதை விற்றவனையும், வாங்கியவரையும் வாய்க்கு வந்தபடி வைதாள். மறுநாள் வேலை முடிந்து வரும்போது கையால் அமுக்கும் பம்பு ஒன்று வாங்கி வந்தாள். சேலையை மாற்றிவிட்டு, அடுப்பில் சுரைக்காயை வேகப் போட்டாள்.