கம்பியில் ஓடிய சுவர்

எங்கள் காம்பராவுக்குள் சுவர் கிடையாது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லாருக்கும் கொடுத்தது போல எங்களுக்கும் ஒரே அறை, முன்னால் திறந்த திண்ணையாக ஒரு இஸ்தோப்பு, அதில் அடுப்பு. குறுக்கே சுவர் வேண்டுமென்றால் நாமே ஏதாவது வழி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அப்பா பார்த்தார். உரச்சாக்குகளைப் பிரித்துக் கழுவி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, ஒரு கம்பியில் வளையம் போட்டுத் தொங்கவிட்டார். பகலில் ஒதுக்கினால் ஒரே வீடு, ராத்திரி இழுத்தால் இரண்டு வீடு.

அந்தக் கம்பி ஒரே இடத்தில் இருந்ததில்லை. நான் பெரியமனுஷியானபோது ஒரு மூலையை அடைத்தது. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் நடுவுக்கு வந்தது. அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும், இந்தப் பக்கம் நானும் இரண்டு தங்கைகளும். அப்பாவும் அம்மாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனார்கள். லயத்து வழக்கம் அது, மருமகள் உள்ளே வந்தால் மாமியார் வெளியே. மனசிருந்தால் புளிய இலையில்கூட இரண்டு பேர் படுக்கலாம் என்று அம்மா சிரித்தாள். அப்பாவுக்கோ தன் கைவேலையில் அத்தனை பெருமை. நம்ம வீடு ரப்பர் மாதிரி, இழுத்தால் இழுபடும் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்திலும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அம்மாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. அக்கரப்பத்தனைக் குளிருக்கு அடுப்போரம் படுப்பதுதான் அவளுக்கு நல்லது என்று நாங்கள் எல்லாருமே நம்பினோம். ராத்திரி முழுக்க ஈர விறகைப் புகைய விட்டோம். தோட்டத்து மருந்துக்கார ஐயா வந்து பார்த்துவிட்டு, இந்தப் புகைதான் இவளைத் தின்கிறது, அடுப்பை அணைத்தால் பனி தின்னும், உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் பனிக்காலத்தைத் தாண்ட மாட்டாள் என்று திட்டிவிட்டுப் போனார்.

உள்ளே என்றால் எங்கே? அண்ணி நிறைமாதம். அப்பா கம்பியை ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளினார், அண்ணிக்குப் புரண்டு படுக்க இடமில்லை. இந்தப் பக்கம் தள்ளினார், எங்களில் ஒருத்தி வெளியே போக வேண்டும். நான் போகிறேன் என்றேன். வயசுப் பிள்ளை இஸ்தோப்பில் படுப்பதா என்று அம்மா என் வாயை அடைத்தாள். இன்னொரு காம்பரா கேட்டு அப்பா கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்றார். எதுவும் காலியில்லையாம். கடைசியில் அண்ணியே தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"மாமி, நீங்க உள்ள படுங்க. நாங்க ரெண்டு பேரும் வெளிய படுத்துக்கிறோம்."

"புள்ளத்தாச்சிய பனியில போட்டுட்டு நான் உள்ள படுக்கவா? லயமே காறித் துப்பும். புள்ள பொறக்கட்டும், அப்பறம் வர்றேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. எதற்கெடுத்தாலும் லயம் என்ன சொல்லும், லயம் என்ன சொல்லும். லயமா வந்து இவளுக்காக மூச்சு விடப் போகிறது? ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்ததும் ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டோம். சரியான அழுத்தக்காரி, அசையவே இல்லை.

தை மாதம், தேயிலைக் கொழுந்தெல்லாம் பனியில் கருகிக் கிடந்த ஒரு காலையில், பெரட்டுக்குத் தப்பு அடித்தும் அம்மா எழுந்திருக்கவில்லை.

செத்தவரை நடுவீட்டில் கிடத்த வேண்டும். அண்ணி பிணத்தைப் பார்க்கக்கூடாது என்று அவளைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கூட்டிப் போனார்கள். பெட்டி, பாய், சட்டிபானை எல்லாம் வெளியே போயின. அப்பா கம்பியைக் கழற்றவில்லை, ஆணியோடு பிடுங்கி எறிந்தார். அந்தக் காம்பரா அவ்வளவு பெரிது என்று எனக்கு அதுவரை தெரியாது. அதன் நடுவில், காலை நன்றாக நீட்டி, அம்மா தனியாகப் படுத்திருந்தாள்.

"உள்ள வா, உள்ள வான்னு எத்தன தடவ கூப்புட்டோம்? இப்பத்தான் வர்றியா?" என்று அவள் காலைப் பிடித்து உலுக்கினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.